கெடா மண்ணும் முதுகெலும்புத் தொற்றும்: மருந்துக்கு முன் கிருமியை அறிதல்

தோட்டப்புறத்தில் முதுகுவலியை நோயாக எண்ணுபவர் குறைவு. பால்மரம் வெட்டியவருக்கும் செம்பனைக் குலை இறக்கியவருக்கும் அது வேலையோடு வந்த வலி. எண்ணெய் தேய்ப்பார்கள், வலிமாத்திரை விழுங்குவார்கள். காய்ச்சலும் சேர்ந்தால் பக்கத்துக் கிளினிக்கில் ஓர் ஆன்டிபயாடிக் ஊசி. கிருமி முள்ளெலும்பிலும் இடைத்தட்டிலும் குடியேறியிருந்தால், நோயறியும் வழியை முதலில் அடைப்பது அந்த ஊசிதான் என்பது என் வாதம். எலும்புக்குள் இருக்கும் கிருமியை அது ஒழிக்காது. ஆனால் இரத்தத்தை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும்போது கிருமி தென்படாமல் செய்துவிடக்கூடும்.

மருந்தெதிர்ப்பு என்றதும் நாம் மனிதத் தவறால் விளைந்த எதிர்ப்பையே பேசுகிறோம். மெத்திசிலினுக்கு மசியாத ஸ்டாஃபிலோகாக்கஸ் அதற்கு நல்ல சான்று. கெடா மாநிலத்திலோ பிறவியிலேயே எதிர்ப்புள்ள ஒரு கிருமி மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. அது தரும் மெலியோய்டோசிஸ் நோயை 1912இல் ரங்கூனிலிருந்து முதலில் விவரித்தவர்கள் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும். அலோர் ஸ்டார் வட்டாரத்தில் 2005 முதல் 2008 வரை 145 பேருக்கு இந்நோய் உறுதியானது: ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறத்தாழ 16 பேர். மூவரில் ஒருவர் இறந்தார். பாதிக்கு மேற்பட்டோர் இனிப்பு நீர் உள்ளவர்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில் இனிப்பு நீர் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காடு, இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு என்பதை இதோடு சேர்த்துப் படித்தால், இந்தக் கேள்வி யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்பது புரியும்.

பெனிசிலினும் ஜென்டாமைசினும் இக்கிருமியிடம் பொதுவாகத் தோற்கின்றன. செஃப்டாசிடிம் என்ற ஆன்டிபயாடிக், தாய்லாந்தின் உபோனில் நடந்து 1989இல் வெளியான ஆய்வில், கடுமையான மெலியோய்டோசிஸில் இறப்பை 74 விழுக்காட்டிலிருந்து 37க்குக் குறைத்தது. மருந்து இருக்கிறது, கிருமியின் பெயர் தெரிய வேண்டும்.

முதுகெலும்பை அதிகம் தாக்கும் சீழ்க்கிருமி ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ்தான். காசநோயும் அங்கே இறங்கும். மெலியோய்டோசிஸ் குறைவாகவே இறங்கும். எம்.ஆர்.ஐ. படத்தில் மூன்றும் ஒன்றுபோலத் தோன்றலாம். படத்தை மட்டும் நம்பிக் காசநோய் மருந்தைத் தொடங்கினால், தவறு தெரியவரும்போது மாதங்கள் கடந்திருக்கும். நரம்புப் பாதிப்பும் இரத்தத் தொற்றும் இல்லாதவருக்கு, எந்தக் கிருமி என்று உறுதியாகும்வரை ஆன்டிபயாடிக்கை நிறுத்திவைக்கலாம் என்கிறது 2015இல் வந்த அமெரிக்க வழிகாட்டி. கால் மரத்துப்போனவரை, இரத்த அழுத்தம் இறங்கியவரை எப்படிக் காக்க வைப்பது என்று கேட்பது நியாயமே. அவர்களைக் காக்க வைக்கக் கூடாது. ஆனால் இரத்த மாதிரி எடுக்கச் சில நிமிடம் போதும். அதை எடுத்த கையோடு மருந்தைத் தொடங்கலாம். இனிப்பு நீர் உள்ளவரானால் செஃப்டாசிடிமோ மெரோபெனெமோ அந்த முதல் மருந்தில் இருக்கட்டும். முடிவு வந்ததும் தேவையற்றதை நிறுத்த வேண்டும். இல்லையென்றால் மெரோபெனெமையும் நாமே பாழாக்குவோம்.

எத்தனை நாள் மருந்து என்பதில் உலக ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. முதுகெலும்பின் சீழ்த்தொற்றுக்கு ஆறு வாரம் பன்னிரண்டு வாரத்துக்கு ஈடு என்று 2015இல் பிரான்ஸ் காட்டியது. எலும்புத் தொற்றில் மாத்திரை ஊசிமருந்துக்குக் குறைந்ததன்று என்று 2019இல் பிரிட்டன் காட்டியது. இரண்டையும் வரவேற்கிறேன். ஆனால் அந்த நாடுகளின் மண்ணில் மெலியோய்டோசிஸ் இல்லை. எலும்பில் இறங்கிய மெலியோய்டோசிஸுக்குக் குறைந்தது ஆறு வாரம் நரம்புவழி மருந்து வேண்டும். அதன்பின் ஆறு மாதம் கோட்ரைமாக்சசோல் மாத்திரை. வலி போனதும் நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும்.

நாட்கூலிக்காரருக்கு ஆறு வாரம் அலோர் ஸ்டாரிலோ சுங்கை பட்டாணியிலோ மருத்துவமனையில் படுத்துக்கிடப்பது அடுப்பு அணைவதற்குச் சமம். ஆஸ்திரேலியாவின் டார்வினில் செஃப்டாசிடிமைச் சிறு பம்பு வழியாக நோயாளியின் வீட்டிலேயே செலுத்துகிறார்கள். பீடோங்கிலும் பாடாங் செராயிலும் அரசாங்க கிளினிக் செவிலியர் இதைக் கற்றுக்கொள்ள முடியும். கோட்ரைமாக்சசோல் சிறுநீரகத்தைத் தாக்கலாம், பொட்டாசியத்தை ஏற்றலாம். இதைக் கண்காணிக்கும் இரத்தச் சோதனையை, நோயாளி இனிப்பு நீருக்காகக் கிளினிக் வரும் நாளிலேயே, அதே ஊசிக்குத்தில் முடித்துவிடலாம்.