பெட் ஸ்கேன்: மூளை ஆய்வுக் கருவி சிகிச்சை முடிவுகளை மாற்றிய வரலாறு

பெட் ஸ்கேன் என்றதும் இன்று நினைவுக்கு வருவது புற்றுநோய். உடலில் நோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று காட்டும் படம் என்பதே அதைப் பற்றிய பொதுக் கருத்து. அதன் எழுபதாண்டு வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. நோயைக் கண்டுபிடித்துக் கொடுத்ததைவிட, வேண்டாத அறுவையையும் மருந்தையும் நிறுத்தியதில்தான் இக்கருவி தன் மதிப்பை உறுதியாக நிரூபித்திருக்கிறது. அந்த மாற்றம் எப்படி நிகழ்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொடக்கம் மூளைக் கட்டி. 1951-இல் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், நரம்பு அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்வீட்டும் இயற்பியலாளர் கார்டன் பிரவுனலும் நோயாளியின் தலைக்கு இருபுறமும் ஒவ்வொரு கதிர் உணரியை நிறுத்திக் கட்டியின் இருப்பிடத்தைத் தேடினர். உடலில் செலுத்திய கதிரியக்கப் பொருள் உமிழும் பாசிட்ரான் என்ற எதிர்த்துகள் ஓர் எலெக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டும் அழிந்து, தலா 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பாய்கின்றன. இரு உணரிகளும் ஒரே கணத்தில் துடித்தால், அவற்றை இணைக்கும் நேர்கோட்டில்தான் கதிரியக்கப் பொருள் இருக்க வேண்டும். பின்னர் அவர்கள் பயன்படுத்திய பொருள்களில் ஆர்சனிக்-74 என்ற ஐசோடோப்பும் ஒன்று. சுவடளவே செலுத்தினார்கள் என்றாலும், பாடாணத்தின் உறவுப் பொருளை ஊசியில் ஏற்றி நோயைத் தேடிய காலம் அது!

குறுக்குவெட்டுப் படம் வர மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மிஷேல் தெர்-பொகோசியான், மைக்கேல் ஃபெல்ப்ஸ், எட்வர்ட் ஹாஃப்மன் ஆகியோர் 1970-களின் நடுவில் அதைச் சாத்தியமாக்கினர். கருவி வந்துவிட்டது, அதற்கு ஏற்ற மருந்துதான் தேவைப்பட்டது.

அந்த மருந்தின் கதை புற்றுநோயை நாடிப் பிறந்ததன்று. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் லூயி சோகோலோஃப், மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு குளுக்கோஸைச் செலவிடுகிறது என்று விலங்குகளில் அளக்கும் முறையை உருவாக்கிக்கொண்டிருந்தார். அவர் கையாண்டது டிஆக்சிகுளுக்கோஸ். உயிரணு இதைக் குளுக்கோஸ் என்றே எண்ணி உள்ளே இழுத்து, பாஸ்பேட் ஒன்றைச் சேர்க்கிறது. அதற்கு மேல் எரிக்க முடியாமல் அது உள்ளேயே தங்கிவிடுகிறது. இதே முறையை மனிதரிடம் செய்ய, வெளியிலிருந்து அளக்கக்கூடிய கதிர்ப்பொருள் வேண்டும். புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் தட்சுவோ ஈடோ, ஆல்ஃபிரட் உல்ஃப், ஜோவன்னா ஃபவுலர் ஆகியோர் டிஆக்சிகுளுக்கோஸில் புளூரின்-18 சேர்ந்த எஃப்டிஜி என்ற சேர்மத்தைத் தயாரித்தனர். 1976 ஆகஸ்டில் அது விமானத்தில் பிலடெல்ஃபியாவுக்குப் போயிற்று. புளூரின்-18-இன் அரை ஆயுள் 110 நிமிடமே என்பதால் வழியில் தாமதிக்க இடமில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அபாஸ் அலவி அதை இரண்டு தன்னார்வலர்களுக்குச் செலுத்தினார். வேடிக்கை என்னவென்றால், பெட் மருந்துகளில் தலையாயதான எஃப்டிஜியின் முதல் மனிதப் படங்கள் பெட் கருவியில் எடுக்கப்பட்டவை அல்ல. அங்கிருந்த வேறுவகைக் கருவிகளே பயன்பட்டன.

புற்றணுக்கள் குளுக்கோஸை அளவுக்கு மீறி விழுங்குகின்றன என்பதை பெர்லினில் ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே காட்டியிருந்தார். அந்த அறிவும் எஃப்டிஜியும் 1980-களில்தான் ஒன்றுசேர்ந்தன. 1982-இல் ஜியோவானி டி கிரோ குழு மூளைக் கட்டிகளில் எஃப்டிஜி ஏற்பையும் கட்டியின் வீரியத்தையும் தொடர்புபடுத்தியது. 1986-இல் ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தில் ஹமாகர், கோனன், ஸ்டோக்லின் மூவரும் எஃப்டிஜியை நிறைய, விரைவாகத் தயாரிக்கும் வேதிமுறையைக் கண்டனர். கருவி வரலாறுகளில் ஓரிரு வரியில் கடந்துபோகும் இந்த வேதியியல்தான் பெட் ஸ்கேனை ஆய்வுக்கூடத்திலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுவந்தது என்பது என் கணிப்பு. அடுத்த படி 1998-இல் டேவிட் டவுன்சென்டும் ரொனால்ட் நட்டும் பிட்ஸ்பர்க்கில் இயக்கிய, உடலின் அமைப்பைக் காட்டும் சிடி ஸ்கேனைப் பெட்டோடு சேர்த்த பெட்-சிடி இணைப்புக் கருவி. ஒளிரும் புள்ளி எந்த உறுப்பில், எந்த நிணநீர்க் கணுவில் உள்ளது என்று சந்தேகமின்றிச் சொல்ல அது வழிசெய்தது.

இனி வருவது இவ்வரலாற்றின் முக்கியப் பகுதி. படம் தெளிவாக இருக்கிறது, சரி. நோயாளிக்கு என்ன பயன்? இந்தக் கேள்விக்கு நெதர்லாந்தின் ஒன்பது மருத்துவமனைகளில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வு நேரடியாக விடை தந்தது. நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை செய்யலாம் என்று கருதப்பட்ட 188 பேரை இரு குழுவாகப் பிரித்தார்கள். வழக்கமான பரிசோதனைகள் மட்டும் நடந்த குழுவில் 41 சதவீதத்தினருக்கு மார்பைத் திறந்தது வீணாயிற்று. பெட் ஸ்கேனும் எடுத்த குழுவில் அது 21 சதவீதம். ஐந்து பேருக்கு ஸ்கேன் எடுத்தால் ஒருவர் பயனற்ற பெரிய அறுவையிலிருந்து தப்புகிறார்.

பிரிட்டனில் 564 தலை-கழுத்துப் புற்றுநோயாளிகளிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வு இன்னும் துணிச்சலானது. கீமோவும் ரேடியேஷனும் முடிந்தபின் கழுத்துக் கணுக்களை அறுத்தெடுப்பது அதுவரை பரவலான வழக்கம். ஆய்வில் ஒரு குழுவுக்கு அது திட்டமிட்டபடி நடந்தது. மறு குழுவினருக்கு பெட்-சிடியில் சந்தேகம் எழுந்தால் மட்டுமே கத்தி. முதல் குழுவில் 221 அறுவைகள், இரண்டாவதில் 54. இரண்டாண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் முறையே 81.5, 84.9 சதவீதம். செலவும் ஆளுக்கு 1,492 பவுண்டு குறைந்தது.

ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் மிச்சமானது மருந்து. 2009-இல் பிரான்சின் டோவில் நகரில் கூடிய நிபுணர்கள், கட்டியின் ஒளிர்வை மார்புக்கூட்டு நடுப்பகுதியில் உள்ள இரத்தத்தோடும் கல்லீரலோடும் ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண் இடும் முறையை வகுத்தனர். நோயாளியின் கல்லீரலே அளவுகோல். இந்த மதிப்பெண்ணைக் கொண்டு நடந்த பன்னாட்டு ஆய்வில், இரண்டு சுற்று கீமோவுக்குப் பின் பெட் படம் தெளிந்தவர்களில் ஒரு குழுவினருக்கு மட்டும் நுரையீரலைக் கெடுக்கக்கூடிய பிளியோமைசின் நிறுத்தப்பட்டது. மூன்றாண்டுகளில் நோய் முற்றாமல் இருந்தவர்கள் மருந்தைத் தொடர்ந்த குழுவில் 85.7 சதவீதம், நிறுத்திய குழுவில் 84.4.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. பலவீனமான இதயத்தில் எந்தத் தசை இன்னும் உயிரோடிருக்கிறது என்று பார்த்து அறுவையைத் தீர்மானிக்கலாம் என்ற நம்பிக்கையைக் கனடாவில் 430 பேரிடம் சோதித்தபோது, மொத்தக் கணக்கில் உறுதியான பயன் தெரியவில்லை. ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு ஸ்கேன் பரிந்துரைத்தபடி சிகிச்சையே நடக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முடிவை மாற்றாத படம் வெறும் படம்தான்.

எஃப்டிஜிக்கும் எல்லை உண்டு. சிறுநீரில் அது வெளியேறுவதால் சிறுநீர்ப்பை பளிச்சென்று ஒளிர்ந்து அருகிலுள்ளதை மறைக்கும். புராஸ்டேட் புற்றணுக்களோ பெரும்பாலும் சர்க்கரையை அதிகம் நாடுவதில்லை. எனவே அவ்வணுக்களின் மேற்பரப்பில் மிகுந்திருக்கும் பிஎஸ்எம்ஏ என்ற புரதத்தைப் பற்றும் மருந்துகள் வந்தன. 2020-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 302 ஆண்களிடம் இம்மருந்தோடு எடுத்த பெட்-சிடியின் துல்லியம் 92 சதவீதம். சிடியும் எலும்பு ஸ்கேனும் சேர்ந்து 65. அதே புரதத்தைத் தேடிச்செல்லும் மூலக்கூறில் லுட்டீசியம்-177-ஐ ஏற்றினால் அதுவே சிகிச்சையாகிறது. 2022-இல் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் அளித்தது.

இந்தியாவின் முதல் பெட் கருவி 2002-இல் மும்பையின் கதிரியக்க மருத்துவ மையத்தில் இயங்கத் தொடங்கியது. இங்கே ஒரு சிக்கலை அழுத்திச் சொல்ல வேண்டும். அழற்சி உயிரணுக்களும் குளுக்கோஸை விழுங்குபவை. ஆகவே காசநோய்க் கணு புற்றுநோய்க் கணுவைப் போலவே ஒளிரும். நெதர்லாந்தில் வீண் அறுவையைத் தடுத்த அதே ஒளி, காசநோய் மிகுந்த நம் நாட்டில் குணப்படுத்தக்கூடிய ஒருவரை ‘பரவிவிட்டது’ என்று ஒதுக்கி, அவருக்குக் கிடைக்க வேண்டிய அறுவையைப் பறித்துவிடலாம். மார்பின் நடுக்கணு ஒளிர்ந்தால் ஊசியிட்டுத் திசு எடுத்துப் பார்க்காமல் நோய்நிலையை உயர்த்தக் கூடாது. பெட் அறிக்கையையும் அதன் பின் வந்த திசு முடிவையும் அருகருகே வைத்து நம் மருத்துவமனைகள் தொடர்ந்து வெளியிட வேண்டும்.