சாதன மரம்

சாதன மரம் என்பது கணினியொன்றில் உள்ள வன்பொருட்கள் எவை, அவை எந்த முகவரியில் உள்ளன, ஒன்றோடொன்று எவ்வாறு இணைக்கப்பட்டுள்ளன ஆகிய விவரங்களை, கணினி துவங்கும்போது இயங்குதளத்தின் கருனிக்கு அளிக்கும் தரவுக் கட்டமைப்பு ஆகும். ஆங்கிலத்தில் இது டிவைஸ் ட்ரீ எனப்படுகிறது. ஏஆர்எம், பவர்பிசி, ரிஸ்க்-ஃபைவ் ஆகிய செயலிக் குடும்பங்களில் இயங்கும் லினக்ஸ் கருனி இதனைப் பரவலாகப் பயன்படுத்துகின்றது. ஃபிரீபிஎஸ்டி இயங்குதளமும் யூ-பூட் துவக்க ஏற்றியும் இதனைப் பயன்படுத்துகின்றன. வன்பொருள் விவரத்தைக் கருனியின் நிரலிலிருந்து பிரித்து வைப்பதே இதன் நோக்கமாகும். இதனால் ஒரே கருனியைப் பல வேறுபட்ட பலகைகளில் இயக்க முடிகின்றது.

தேவை

யூஎஸ்பி, பிசிஐ ஆகிய பாட்டைகளில் இணைக்கப்படும் சாதனங்கள் தம்மை யாரென அறிவிக்க வல்லவை. கருனி வினவினால், உற்பத்தியாளர் எண்ணையும் சாதன எண்ணையும் அவை தெரிவிக்கும். ஆனால் கைப்பேசி, வழிச்செயலி போன்ற கருவிகளில் உள்ள ஒற்றைச் சில்லுக் கணினிகளின் உட்கூறுகள் பெரும்பாலும் அவ்வாறு அறிவிப்பதில்லை. அவை நினைவக முகவரி வெளியில் குறித்த ஓரிடத்தில் அமைந்திருக்கும். அவ்விடம் பலகையை வடிவமைத்தவருக்கே தெரியும். கருனி ஒவ்வொரு முகவரியாகத் தேடிப் பார்ப்பதும் பாதுகாப்பானதன்று. சாதனம் இல்லாத முகவரியைப் படித்தால் கணினி உறைந்துவிடலாம். ஐ2சி பாட்டையில் சோதனைக்காக அனுப்பும் பைட்டு, அங்குள்ள சாதனத்தின் நிலையையே மாற்றிவிடலாம். எனவே இவ்விவரம் முன்கூட்டியே கருனிக்குக் கிடைக்க வேண்டும்.

மேசைக் கணினிகளில் இப்பணியைப் பெரும்பாலும் ஏசிபிஐ அட்டவணைகள் செய்கின்றன. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோசிபா ஆகிய நிறுவனங்கள் ஏசிபிஐயின் முதற் பதிப்பை 1996 இல் வெளியிட்டன.

வரலாறு

சாதன மரத்தின் மூலம் ஓப்பன் ஃபர்ம்வேர் என்னும் நிலைபொருளாகும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் மிட்ச் பிராட்லி உருவாக்கிய ஓப்பன்பூட், 1994 இல் ஐஇஇஇ 1275 என்ற சீர்தரமாயிற்று. சன் நிறுவனத்தின் ஸ்பார்க் கணினிகளும் ஆப்பிளின் பவர்பிசி கணினிகளும் இதனைப் பயன்படுத்தின. இதில் மரம் நிலைபொருளுக்குள் இருக்கும். கருனி நிலைபொருளை அழைத்து விவரங்களைப் பெறும்.

ஓப்பன் ஃபர்ம்வேர் இல்லாத சிறிய பலகைகளுக்கு இம்முறை பொருந்தவில்லை. மேலும், இயங்கும் கருனி ஒன்று மற்றொரு கருனியை நேரடியாகத் துவக்கும்போது, இரண்டாவது கருனியால் நிலைபொருளை அழைக்க இயலாது. இதற்குத் தீர்வாக, மரம் முழுவதையும் ஒரே தொடர்ச்சியான தரவுத் தொகுதியாக்கி நினைவகத்தில் வைக்கும் தட்டையான சாதன மரம் 2005 ஆம் ஆண்டளவில் லினக்ஸின் பவர்பிசி பிரிவில் உருவானது.

ஏஆர்எம் பிரிவில் அதுவரை ஒவ்வொரு பலகைக்கும் சி மொழியில் தனிக் கோப்பு எழுதப்பட்டது. ஒவ்வொரு பலகைக்கும் ஒரு பதிவு எண்ணும் இருந்தது. பலகைகள் பெருகப் பெருக, ஒன்றையொன்று ஒத்த நிரல்கள் கருனியில் குவிந்தன. 2011 மார்ச்சில் லினஸ் டோர்வால்ட்ஸ் இதனைக் கடுமையாகக் கண்டித்தார். அதன்பின் ஏஆர்எம் பிரிவு சாதன மரத்துக்கு விரைந்து மாறியது. 2012 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 3.7, வெவ்வேறு நிறுவனங்களின் ஏஆர்எம் சில்லுகளில் ஒரே கருனி இயங்க வழிசெய்தது. சாதன மரத்துக்கான தனி விவரக்குறிப்பு 2016 இல் வெளியாயிற்று.

அமைப்பு

மரம் கணுக்களால் ஆனது. ஒவ்வொரு கணுவும் ஒரு சாதனத்தையோ பாட்டையையோ குறிக்கும். பாட்டையில் இணைந்த சாதனங்கள் அப்பாட்டையின் கிளைக் கணுக்களாக அமையும். கணுவின் விவரங்கள் பண்புகளாக எழுதப்படும். முதன்மையான பண்புகள் பின்வருவன:

• கம்பாட்டிபிள்: சாதனத்தின் உற்பத்தியாளர் பெயரும் வகைப் பெயரும். சிறப்புப் பெயர் முதலிலும் பொதுப் பெயர் பின்னரும் வரும். கருனி இதனைக் கொண்டே பொருத்தமான சாதன இயக்கியைத் தேர்ந்தெடுக்கின்றது.
• ரெக்: சாதனத்தின் முகவரி. நினைவக வெளியில் உள்ள சாதனமாயின் அது கொள்ளும் இடத்தின் அளவும் சேரும்.
• இன்டரப்ட்ஸ்: சாதனம் பயன்படுத்தும் குறுக்கீட்டு இணைப்பு.
• ஸ்டேட்டஸ்: சாதனம் பயன்பாட்டில் உள்ளதா, முடக்கப்பட்டதா என்பது.

எடுத்துக்காட்டாக, எல்எம்75 என்னும் வெப்பநிலை உணரி ஐ2சி பாட்டையில் 72 ஆம் முகவரியில் இருப்பின், அப்பாட்டையின் கணுவுக்குக் கீழே ஒரு கணு எழுதி, அதன் ரெக் பண்பில் 72 எனக் குறித்தால் போதுமானது. கருனியின் நிரலில் ஒரு வரியும் மாற்ற வேண்டியதில்லை.

மனிதர் படிக்கத்தக்க மூலக் கோப்பு, தொகுப்பி கொண்டு இரும வடிவுக்கு மாற்றப்படுகிறது. தற்போதைய 17 ஆம் பதிப்பு வடிவில் இருமக் கோப்பின் தலைப்பகுதி 40 பைட்டுகள் கொண்டது. அதன் முதல் நான்கு பைட்டுகளில் உள்ள அடையாள எண், இது சாதன மரமே என்பதை உறுதிப்படுத்தும்.

துவக்க முறை

1. துவக்க ஏற்றி, கருனியையும் இரும மரத்தையும் நினைவகத்தில் ஏற்றும்.
2. நினைவகத்தின் அளவு, கருனிக்கான கட்டளை வரி போன்று துவக்கத்தின்போதே தெரியவரும் விவரங்களை மரத்தில் சேர்க்கும். கட்டளை வரி 'சோசன்' என்னும் கணுவில் இடப்படும்.
3. மரம் இருக்கும் முகவரியைச் செயலியின் பதிவகமொன்றில் வைத்துக் கருனியிடம் கட்டுப்பாட்டை ஒப்படைக்கும். 64 பிட்டு ஏஆர்எம் செயலியில் முதற் பொதுப் பதிவகம் இதற்குப் பயன்படும். அங்கு மரத்தின் அளவு 2 மெகாபைட்டை மிஞ்சலாகாது.
4. கருனி முதலில் நினைவக விவரத்தையும் கட்டளை வரியையும் படிக்கும். பின்னர் மரம் முழுவதையும் விரித்து, கணுக்களுக்கேற்ப இயக்கிகளைப் பொருத்தும்.

ராஸ்பெரி பை போன்ற கணினிகளில் கூடுதல் பலகைகளை இணைக்கும்போது, அடிப்படை மரத்தின் மேல் மேலடுக்கு எனப்படும் சிறு மரத்துண்டு சேர்க்கப்படுகிறது.

சிக்கல்கள்

கருனியால் மரத்தின் உண்மையைச் சரிபார்க்க இயலாது. எழுதியிருப்பதை நம்பியே செயற்படும். முகவரி பிழையாயின் சாதனம் இயங்காது. மின்னழுத்த வரம்பு பிழையாயின் வன்பொருளே பழுதடையக்கூடும்.

பழைய மரத்தைப் புதிய கருனியும் புரிந்துகொள்ள வேண்டும் என்பது கொள்கையாகும். ஆயினும் மரங்களின் மூலக் கோப்புகள் பெரும்பாலும் லினக்ஸ் மூலநிரலுடனேயே பேணப்படுவதால், நடைமுறையில் இரண்டும் சேர்ந்தே மாறுவதுண்டு. உற்பத்தியாளர் மூலக் கோப்பை வெளியிடாதபோது, இரும வடிவிலிருந்து அதனை மீட்கலாம். ஆனால் குறிப்புரைகளும் பெயர்க்குறிகளும் கிடைக்கமாட்டா. ஆதரவு நிறுத்தப்பட்ட கருவியொன்றில் புதிய கருனியை இயக்குவதற்குச் சரியான சாதன மரம் இன்றியமையாத தேவைகளுள் ஒன்றாகும்.