இங்கிலாந்தின் மாலை வகுப்புகள்: தொழிலாளர் கல்விச் சங்கத்தின் வரலாறு

பகலில் ஆலையிலும் சுரங்கத்திலும் உழைத்தவர்கள் மாலையில் வரலாறு, இலக்கியம், ஓவியம் பயின்ற வகுப்புகள் இருபதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் முக்கியமான கல்வி முயற்சிகளுள் ஒன்று. 1903-இல் தோன்றிய தொழிலாளர் கல்விச் சங்கம் இவ்வகுப்புகளைப் பரவலாக நடத்தியது. 'முதியோர் கல்வி' என்னும் சொல் தமிழில் பெரும்பாலும் எழுத்தறிவு புகட்டுவதையே குறிக்கிறது. இவ்வகுப்புகளுக்கு வந்தவர்களோ எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். பட்டமோ பதவி உயர்வோ எதிர்பாராமல் வந்தவர்கள். அவர்கள் கேட்ட கேள்விகள் பின்னாளில் இங்கிலாந்தில் வரலாறு எழுதும் முறையையும் இலக்கியம் பயிலும் முறையையும் மாற்றின.

பின்னணி

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1873-இல் தன் வளாகத்துக்கு வெளியே பொதுமக்களுக்கான விரிவாக்கச் சொற்பொழிவுகளைத் தொடங்கியது. ஆக்ஸ்ஃபோர்டும் சில ஆண்டுகளில் அவ்வழியைப் பின்பற்றியது. ஆனால் கட்டணத்தாலேயே செலவை ஈடுகட்ட வேண்டியிருந்ததால், பெரிய அரங்குகளில் நடந்த இச்சொற்பொழிவுகளுக்கு வசதியுள்ள நடுத்தர வகுப்பினரே மிகுதியாக வந்தனர். கூட்டம் பெரிதாக இருந்ததால் பேசுபவர் பேச, மற்றவர்கள் கேட்டுவிட்டுப் போவதே வழக்கமாயிற்று.

சங்கத்தின் தோற்றம்

ஆல்பர்ட் மான்ஸ்பிரிட்ஜ் (1876–1952) ஒரு தச்சரின் மகன். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு எழுத்தர் வேலைக்குச் சென்றவர். கூட்டுறவு இயக்கத்தில் ஈடுபட்டவர். தொழிற்சங்கங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் பல்கலைக்கழகங்களோடு கைகோத்தால் தொழிலாளர்களுக்கு உயர்கல்வி கிட்டும் என்று அவர் கருதினார். 1903-இல் அவரும் அவர் மனைவி ஃபிரான்சஸும் தொழிலாளரின் உயர்கல்விக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினர். ஃபிரான்சஸ் வீட்டுச் செலவுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்த இரண்டரை ஷில்லிங்கே அதன் முதல் நிதி. 1905-இல் அது தொழிலாளர் கல்விச் சங்கம் என்று பெயர் மாறியது.

மூன்றாண்டு வகுப்பு

1907-இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த மாநாட்டுக்குப் பின், பல்கலைக்கழகத்தினரும் தொழிலாளர் பிரதிநிதிகளும் சேர்ந்த குழு ஒன்று அமைந்தது. தொழிலாளர் கேட்டது சொற்பொழிவு அல்ல. தொடர்ந்து நடக்கும் சிறிய வகுப்பு. 1908 ஜனவரியில் மட்பாண்டத் தொழில் நடந்த லாங்டனிலும் பஞ்சாலை நகரமான ராச்டேலிலும் இத்தகைய வகுப்புகள் தொடங்கின.

இரண்டிற்கும் ஆசிரியர் ஆர். எச். டானி. இவர் 1880-இல் கல்கத்தாவில் பிறந்தவர், தந்தை சி. எச். டானி அங்கு மாநிலக் கல்லூரி முதல்வராக இருந்தவர், 'கதாசரித்சாகரம்' நூலை ஆங்கிலத்தில் பெயர்த்த வடமொழி அறிஞர். அப்போது கிளாஸ்கோவில் பணியாற்றிய மகன் டானி, வாரந்தோறும் ரயிலில் வந்து பொருளாதார வரலாறு கற்பித்தார்.

வகுப்பு இரண்டு மணி நேரம்: முதல் மணி பாடம், இரண்டாம் மணி விவாதம். ஆண்டுக்கு 24 வகுப்புகள். மூன்றாண்டுகள் தொடர்ந்து வருவதாக மாணவர்கள் உறுதி கூற வேண்டும். இரு வாரத்துக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டும். எதைப் படிப்பது என்பதை முடிவு செய்வதில் மாணவர்களுக்கும் பங்கு இருந்தது. நூல்கள் பெட்டிகளில் இரவலாக வந்தன. லாங்டனில் படித்தவர்கள் பின்னர் சுற்றுவட்டாரச் சுரங்கக் கிராமங்களுக்குச் சென்று தாங்களே வகுப்பு நடத்தினர்.

டானி 1912-இல் வெளியிட்ட பதினாறாம் நூற்றாண்டு நிலவுடைமை பற்றிய நூலின் முன்னுரையில், நெசவாளரும் குயவரும் சுரங்கத் தொழிலாளரும் தம்மோடு வாதிட்டுக் கற்பித்தவற்றைப் புத்தகங்களிலிருந்து எளிதில் பெற முடியாது என்று நன்றியோடு குறிப்பிட்டார்.

எதிர்ப்பு

இம்முறையை எல்லாத் தொழிலாளரும் ஏற்கவில்லை. 1909-இல் ஆக்ஸ்ஃபோர்டு ரஸ்கின் கல்லூரி மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதன் விளைவாக மத்தியத் தொழிலாளர் கல்லூரி என்னும் தனி நிறுவனம் உருவானது. அரசு நிதியும் பல்கலைக்கழக ஆசிரியரும் வந்தால் தொழிலாளியின் அரசியல் கூர்மை மழுங்கிவிடும் என்பது இவர்கள் வாதம். நடுநிலையான கல்வி என்று ஒன்று உண்டா என்ற இக்கேள்வி பல பத்தாண்டுகள் நீடித்தது.

1919-இல் மறுசீரமைப்பு அமைச்சகத்தின் குழு ஒன்று, வயதுவந்தோர் கல்வியை ஒரு சிலருக்கான சலுகையாகக் கருதாமல் நாட்டின் நிலையான தேவையாகக் கருதி, வாழ்நாள் முழுவதும் வழங்க வேண்டும் என அறிக்கை அளித்தது. குழுவில் டானியும் மான்ஸ்பிரிட்ஜும் இருந்தனர்.

ஓவியம் கற்ற சுரங்கத் தொழிலாளர்

முதல் உலகப் போருக்குப் பின் பொருளாதாரத்தோடு இலக்கியம், இசை, கலை ஆகிய பாடங்களும் பெருகின. 1934-இல் நார்தம்பர்லாந்தின் ஆஷிங்டன் நகரச் சுரங்கத் தொழிலாளர்கள் ஓவிய ரசனை வகுப்பு கேட்டனர். நியூகாசிலிலிருந்து வந்த ஓவிய ஆசிரியர் ராபர்ட் லயன் மறுமலர்ச்சிக் கால ஓவியங்களைப் படவில்லைகளாகக் காட்டினார். அவை மாணவர்களைத் தொடவில்லை. எனவே அவர்களையே வரையச் சொன்னார். சுரங்கத்தினுள் வேலை, வீட்டுத் தோட்டம், நாய்கள், சமையலறை எனத் தம் வாழ்வையே அவர்கள் வரைந்தனர். ஆலிவர் கில்போர்ன் இவர்களுள் புகழ்பெற்றவர். ஆஷிங்டன் குழு எனப்படும் இவர்களின் ஓவியங்கள் இன்று வுட்ஹார்ன் அருங்காட்சியகத்தில் உள்ளன.

வரலாற்றிலும் இலக்கியத்திலும் தாக்கம்

1930-களில் லெஸ்டரில் மாலை வகுப்புகளில் உள்ளூர் வரலாறு கற்பித்த டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ், வயல், வேலி, பாதை ஆகியவற்றையே சான்றுகளாகப் படிக்கும் முறையை வளர்த்தார். 1948-இல் லெஸ்டரில் உள்ளூர் வரலாற்றுக்கெனத் தனித் துறை அமைந்தபோது அதற்கு அவரே தலைவரானார்.

அதே ஆண்டு லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் வெளிக்கல்வித் துறையில் சேர்ந்த ஈ. பி. தாம்சன், யார்க்‌ஷயர் ஊர்களில் இலக்கியமும் வரலாறும் கற்பித்தார். ஆங்கிலேயத் தொழிலாளி வர்க்கத்தின் உருவாக்கம் பற்றிய அவரது நூல் (1963), அரசர்களையும் அமைச்சர்களையும் விட்டு, கைத்தறியாளர்களையும் கைவினைஞர்களையும் வரலாற்றின் நடுவில் நிறுத்தியது. தம் வகுப்பு மாணவர்களிடம் பெரிதும் கற்றதாக அவரும் எழுதினார்.

ரேமண்ட் வில்லியம்ஸ், ரிச்சர்ட் ஹோகார்ட் ஆகியோரும் இத்தகைய வகுப்பாசிரியர்களே. பண்பாட்டு ஆய்வு என்னும் துறையின் தொடக்கத்தை நூல்களில் மட்டும் தேடாமல் இவ்வகுப்புகளில் தேட வேண்டும் என்று வில்லியம்ஸ் பின்னாளில் வலியுறுத்தினார்.

வயதுவந்தோர் ஆய்விலும் நேரடியாகப் பங்கேற்றனர். 1981-இல் ரிக்லியும் ஸ்கோஃபீல்டும் வெளியிட்ட இங்கிலாந்தின் மக்கள்தொகை வரலாறு, 404 திருச்சபை வட்டாரங்களின் பதிவேடுகளை அடிப்படையாகக் கொண்டது. அப்பதிவேடுகளை எண்ணித் தொகுத்தவர்கள் நாடெங்குமிருந்த தன்னார்வலர்கள்.

பின்னாளைய வளர்ச்சி

இந்த மக்கள்தொகை ஆய்வுக் குழுவை நிறுவியவர்களுள் ஒருவரான பீட்டர் லாஸ்லெட், 1980-களின் தொடக்கத்தில் மைக்கேல் யங், எரிக் மிட்வின்டர் ஆகியோருடன் பிரிட்டனில் மூன்றாம் பருவப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார். பெயர் பிரான்ஸின் துலூஸ் நகரில் 1973-இல் தொடங்கிய அமைப்பிலிருந்து வந்தது, முறை வேறு. துலூஸில் பல்கலைக்கழகம் கற்பித்தது. பிரிட்டனில் ஓய்வுபெற்ற உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் கற்பித்தனர். தேர்வும் பட்டமும் இல்லை.

அண்மைப் பத்தாண்டுகளில் பல பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் தம் வெளிக்கல்வித் துறைகளை மூடிவிட்டன. வேலைக்கு உதவும் தகுதியைத் தரும் படிப்புக்கே அரசு நிதி முன்னுரிமை பெற்றது. தொழிலாளர் கல்விச் சங்கம் இன்றும் இயங்குகிறது. ஆனால் வேலைக்காக அல்லாமல் படிக்க வரும் ஒருவருக்குப் பொதுப்பணத்தில் ஆசிரியரைத் தர வேண்டுமா என்ற கேள்விக்கு, 1919-இல் அக்குழு அளித்த உறுதியான விடையை அரசு இன்று தருவதில்லை.