பண்டைய சீனக் கட்டிடக்கலை

பண்டைய சீனக் கட்டிடக்கலை என்பது, புதிய கற்காலம் தொடக்கம் 1912 ஆம் ஆண்டில் முடிவுற்ற சிங் வம்சக் காலம் வரை சீனாவில் வளர்ச்சியடைந்த மரபுவழிக் கட்டிடக்கலை ஆகும். கூரையின் சுமையைச் சுவர்கள் அன்றி மரச் சட்டகமே தாங்குவது இதன் முதன்மையான இயல்பு ஆகும். "சுவர் விழுந்தாலும் வீடு விழாது" என்னும் பொருள்பட, சீன மொழியில் ஒரு வழக்கும் உண்டு. மரம் தீக்கும் ஈரத்துக்கும் இரையாவதால், மிகப் பழைய கட்டிடங்களுள் சிலவே எஞ்சியுள்ளன.

அமைப்பு

மரபுவழிக் கட்டிடம் ஒன்று மேடை, சட்டகம், கூரை என மூன்று பகுதிகளைக் கொண்டது. தூண்களுக்கும் கூரைக்கும் இடையே "தோகுங்" எனப்படும் தாங்கு அமைப்பு உள்ளது. சிறு மரக்கட்டைகளையும், கை போல நீளும் மரத்துண்டுகளையும் அடுக்கடுக்காகப் பொருத்தி இது உருவாக்கப்படுகிறது. இது, வெளியே நீண்டிருக்கும் இறவாரத்தின் சுமையைத் தூணுக்குக் கடத்துகிறது. இறவாரம் மரத்தையும் சுவரையும் மழையிலிருந்து காக்கிறது. நிலநடுக்கத்தின்போது தோகுங்கின் இணைப்புகள் சற்றே அசைந்து கொடுப்பதால் அதிர்வின் ஒரு பகுதி தணிகிறது.

வரலாறு

வடக்குக்கும் தெற்குக்கும் இடையிலான வேறுபாடு தொடக்கத்திலேயே காணப்படுகிறது. வடக்கே, சீயான் நகருக்கு அருகிலுள்ள பான்போவில் சுமார் 6000 ஆண்டுகளுக்கு முன் மக்கள் பாதி நிலத்தில் புதைந்த வீடுகளில் வாழ்ந்தனர். தெற்கே, செஜியாங் மாகாணத்தின் ஹெமுது பகுதியில், சுமார் 7000 ஆண்டுகளுக்கு முன்பே மரக்கால்களின்மேல் வீடுகள் அமைக்கப்பட்டன. ஒரு மரத்தின் முனையை மற்றொன்றின் துளையில் செருகும் இணைப்புமுறை அங்கே வழக்கில் இருந்தது.

ஹான் வம்சக் காலத்து மரக் கட்டிடங்கள் எவையும் எஞ்சவில்லை. கல்லறைகளில் கிடைத்த சுடுமண் வீட்டு உருவங்களிலிருந்தே அவற்றின் தோற்றம் அறியப்படுகிறது. தாங் வம்சக் காலத்தில், 845 ஆம் ஆண்டில் பேரரசர் வூசொங் பௌத்தத்தை ஒடுக்கியபோது ஏராளமான கோயில்கள் அழிக்கப்பட்டன. சான்சி மாகாணத்திலுள்ள நான்சான் கோயிலின் சிறிய மண்டபம் தப்பியது. 782 ஆம் ஆண்டைச் சேர்ந்த இதுவே, காலம் அறியப்பட்டவற்றுள் சீனாவில் எஞ்சியுள்ள மிகப் பழைய மரக் கட்டிடம் ஆகும். அதே பகுதியில் உள்ள ஃபோகுவாங் கோயிலின் கிழக்கு மண்டபம் 857 ஆம் ஆண்டில் மீளக் கட்டப்பட்டது. லியாங் சிச்செங், லின் ஹுயியின் ஆகியோர் உத்தரத்தில் மையால் எழுதப்பட்டிருந்த கொடையாளர் பெயரைக் கொண்டு 1937 இல் இதன் காலத்தை உறுதிசெய்தனர்.

சொங் வம்சக் காலத்தில் லி ஜியே தொகுத்த "யிங்சாவோ ஃபாஷி" என்னும் கட்டிட நூல் 1103 இல் வெளியானது. இது மரங்களின் அளவுகளை எட்டுத் தரங்களாக வகுத்ததன் மூலம் பொருள்களையும் உழைப்பையும் முன்கூட்டியே கணக்கிட வழிசெய்தது. மிங், சிங் காலங்களில் தோகுங் சிறுத்து, பெருமளவுக்கு அலங்கார உறுப்பாக மாறியது. 1406 முதல் 1420 வரை கட்டப்பட்ட பீஜிங் அரண்மனையில் இதனைக் காணலாம்.

வட்டாரப் பாணிகள்

வடக்கு: குளிர்காற்றைத் தடுக்கத் தடித்த சுவர்களும் கனமான கூரைகளும் அமைக்கப்பட்டன. பீஜிங் வீடுகள் முற்றத்தின் நான்கு புறமும் சூழ அமைந்தவை.

மஞ்சள் மண் மேட்டுநிலம்: மரம் அரிதான இப்பகுதியில் மண்ணைக் குடைந்து குகை வீடுகள் அமைக்கப்பட்டன. இவை கோடையில் குளிர்ச்சியாகவும் குளிர்காலத்தில் வெதுவெதுப்பாகவும் இருக்கும்.

ஹுயிசோ: நெருக்கமான இவ்வூர்களில் தீ பரவாதிருக்க, வெண்ணிறச் சுவர்கள் கூரைக்கு மேலே படிப்படியாக உயர்த்தப்பட்டன. சிறிய திறந்த முற்றங்கள் ஒளியும் காற்றும் தருகின்றன.

ஃபூஜியன்: பல குடும்பங்கள் ஒன்றாக வாழ்ந்த, வட்டமான அல்லது சதுரமான மண்கோட்டை வீடுகள் இங்கே உள்ளன. இவற்றின் புறச்சுவர்கள் இடித்து இறுக்கிய மண்ணால் ஆனவை. இவற்றுள் 46 கட்டிடங்கள் 2008 இல் உலக பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டன.

தென்மேற்கு: ஈரமும் சரிவும் மிகுந்த இப்பகுதியில் மரக்கால்களின்மேல் வீடுகள் எழுப்பப்படுகின்றன.

பாதுகாப்பு

மரக் கட்டிடங்களின் நீடிப்பு, பழுதுற்ற உறுப்புகளை உரியமுறையில் மாற்றத் தெரிந்த தச்சர்களையே சார்ந்துள்ளது. இத் தொழில்மரபை யுனெஸ்கோ 2009 இல் மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.