முழு உடல் அதிர்வு மேடை

முழு உடல் அதிர்வு மேடை என்பது, தன் மீது நிற்பவரின் உடல் முழுவதற்கும் அதிர்வைச் செலுத்தும் மின்கருவி ஆகும். உடற்பயிற்சிக் கூடங்களில் தசைப் பயிற்சிக்குப் பயன்படும் இக்கருவி, எலும்புப்புரை நோய்க்கும் பயன்தரும் என்று விளம்பரப்படுத்தப்படுகிறது. இதற்கான சான்றுகள் வலுவானவை அல்ல. மேலும், இந்த ஒரே பெயரில் விற்கப்படும் கருவிகளின் முடுக்கம் இருபது மடங்குக்கு மேல் வேறுபடக்கூடும்.

பின்னணி

எலும்பு, தான் தாங்கும் சுமைக்கேற்பத் தன் கட்டமைப்பை மாற்றிக்கொள்ளும். செருமானிய அறுவை மருத்துவர் யூலியசு வுல்ஃப் இதனை 1892 இல் விளக்கினார். மிக மெல்லிய அதிர்வும் இத்தகைய தூண்டலைத் தரக்கூடும் என்பதே அதிர்வு மேடையின் அடிப்படை. அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளின்டன் ரூபின் குழுவினர், செம்மறி ஆடுகளை நாள்தோறும் 20 நிமிடம், வாரம் 5 நாள், ஓராண்டு இவ்வாறு அதிரச் செய்தனர். அவற்றின் தொடையெலும்பு மேற்பகுதியில், கடற்பஞ்சு போன்ற உள்ளெலும்பின் அடர்த்தி மற்ற ஆடுகளை விட 34.2% மிகுந்திருந்ததாக 2001 இல் நேச்சர் ஆய்விதழில் வெளியிட்டனர். விளம்பரங்கள் பலவற்றின் வேர் இந்த ஆய்வே.

அதிர்வின் அளவு

ஆடுகளுக்கு அளிக்கப்பட்ட பெரும முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.3 பங்கு மட்டுமே; அதிர்வெண் சுமார் 30 ஹெர்ட்ஸ். பெரும முடுக்கம் வீச்சுக்கு நேர்விகிதத்திலும், அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் அமையும். அதன்படி 30 ஹெர்ட்ஸில் 0.3 பங்கு முடுக்கத்துக்கு வேண்டிய வீச்சு ஏறத்தாழ 0.08 மி.மீ. அதே அதிர்வெண்ணில் வீச்சு 2 மி.மீ. ஆனால் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் 7 மடங்காகிறது. முடுக்கம் புவியீர்ப்பைத் தாண்டினால், கீழிறங்கும் மேடையிலிருந்து பாதம் விலகி மீண்டும் அதன் மீது மோதக்கூடும். ஆடுகளிடம் கிடைத்த முடிவை இத்தகைய கருவிக்குச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. (கருவிக் குறிப்பேட்டில் மேடையின் மொத்த மேல்-கீழ் நகர்வு தரப்பட்டிருந்தால், வீச்சு அதில் பாதியாகும்.)

மனிதரில் ஆய்வுகள்

டொரான்டோவில் மாதவிடாய் நின்ற 202 பெண்களிடம் ஓராண்டு நடந்த ஆய்வின் முடிவு 2011 இல் வெளியானது. மெல்லதிர்வினால் எலும்பு அடர்த்தியில் பயன் காணப்படவில்லை. முதியோர் 174 பேரிடம் ஈராண்டு நடந்து 2015 இல் வெளியான அமெரிக்க ஆய்வும் இதையே கண்டது. ஆகவே மருத்துவர் பரிந்துரைத்த மருந்துக்கோ எடை தாங்கும் பயிற்சிக்கோ இம்மேடை மாற்றாகாது.

பாதுகாப்பு

எலும்புப்புரை முற்றிய நிலையில், வன்மையான அதிர்வு முதுகெலும்பு முறிவுக்கு வழிவகுக்கலாம் என்ற அச்சம் உண்டு. முள்ளெலும்பு முறிவு வலியின்றியும் நேரக்கூடும் என்பதால், தமக்கு முறிவு ஏற்பட்டிருப்பதை அறியாதவர்களும் உளர். எனவே மருத்துவரின் ஆய்வுக்குப் பின்னரே மேடையில் ஏறுதல் வேண்டும். அண்மைய எலும்பு முறிவு, இரத்த உறைவு, கருவுற்றிருத்தல், இதயமுடுக்கி, செயற்கை மூட்டு, விழித்திரை விலகல், சிறுநீரகக்கல், பித்தக்கல் ஆகியவை பொதுவாகத் தவிர்க்க வேண்டிய நிலைகளாகக் கூறப்படுகின்றன.

முழங்காலைச் சற்று மடக்கி நின்றால் தலைக்குச் செல்லும் அதிர்வு குறையும். விறைத்து நின்றால் அது தலை வரை எட்டும். கைப்பிடி இல்லாத மேடை முதியோருக்கு ஏற்றதன்று. எலும்புப்புரை உள்ளவருக்கு ஒரு முறை தவறி விழுவதே இடுப்பெலும்பு முறியப் போதுமானது. தலைச்சுற்றல், பார்வை மங்கல், முதுகுவலி தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும்.