மணிச்சத்தும் ஈரி ஏரியும்

2014ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டொலீடோ நகரில், ஈரி ஏரி கண்ணெதிரே கடல்போல் விரிந்து கிடக்கவும், நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஏறத்தாழ மூன்று நாள் குழாய்நீரை அருந்தலாகாது என்று தடுக்கப்பட்டிருந்தனர். நீலப்பச்சைப் பாசியில் பிறந்த மைக்ரோசிஸ்டின் என்னும் விஷம் குடிநீரில் கலந்திருந்தது. காய்ச்சினால் நீர் வற்றி விஷமே செறியுமாதலால், வழக்கமான அந்தப் பரிகாரமும் அங்கே பயன்படவில்லை.

இத்தகைய பாசிப் பெருக்கத்தின் மூலகாரணம் வெகுகாலம் சர்ச்சைக்குரியதாக இருந்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், 226 என எண்ணிட்ட சிற்றேரி ஒன்றை நடுவே திரையிட்டுப் பிரித்து, கரியமும் தழைச்சத்தும் இருபுறமும் சேர்த்து, பாஸ்பரஸ் எனப்படும் மணிச்சத்தை ஒருபுறம் மட்டும் கலந்து 1973இல் ஷிண்ட்லர் என்னும் ஆய்வாளரின் குழுவினர் நடத்திய பரிசோதனையில், அந்த ஒருபுறமே பாசி படர்ந்து பச்சையாயிற்று. அதற்கு முந்திய ஆண்டிலேயே அமெரிக்காவும் கனடாவும் ஈரி உள்ளிட்ட பேரேரிகளின் நீர்த்தூய்மைக்காக உடன்படிக்கை செய்துகொண்டு, நகரக் கழிவுநீரிலும் சலவைத் தூள்களிலும் இருந்த மணிச்சத்தைக் குறைத்தன, ஏரியும் தெளிந்தது. ஆனால் 1990களின் நடுவிலிருந்து பாசி மீண்டது. இம்முறை அது வந்த வழி வயல்வழி.

ஈரி ஏரியில் கலக்கும் மாமீ ஆற்றின் வடிநிலத்தில் ஒரு பகுதி முன்பு பெருஞ்சதுப்பாக இருந்தது; பத்தொன்பதாம் நூற்றாண்டில் மண்ணுக்கடியில் வடிகுழாய்கள் பதித்து அதனை விளைநிலமாக்கினர். இன்று அங்கே மக்காச்சோளமும் சோயாவும் விளைகின்றன. மண்ணரிப்பைத் தடுக்கவென்று உழாமல் விதைக்கும் முறையைப் பல விவசாயிகள் கைக்கொண்டனர். அதனால் மண்துகளோடு ஒட்டிச் செல்லும் மணிச்சத்து குறைந்ததாயினும், மேற்பரப்பில் தூவி விடப்படும் உரம் மண்ணோடு கலவாது கிடந்து, மழைநீரில் கரைந்து, நிலப்பிளவுகளின் வழியே வடிகுழாயை அடைகிறது. கரைந்த மணிச்சத்தோ பாசிக்கு அப்படியே ஆகாரமாகிறது. இதற்காக உழவற்ற சாகுபடியைக் குற்றங்கூறுதல் நியாயமன்று. அதன்மேல் உரம் இடும் முறையே பிழை.

மார்ச்சு முதல் ஜூலை வரை மாமீ ஆறு கொண்டுவரலாகும் கரைந்த மணிச்சத்துக்கு விதிக்கப்பட்ட எல்லை 186 டன். ஏறத்தாழ 17,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அவ்வடிநிலத்துக்கு இதைப் பங்கிட்டால், ஏக்கருக்கு 45 கிராம்கூட இல்லை. விவசாயியின் வரவு செலவில் தென்படவே தென்படாத நஷ்டம் இது. தனக்கு நஷ்டமென்று உணராத ஒருவர் தாமாகவே முன்வந்து திருந்துவார் என்று எதிர்பார்க்கும் கொள்கை, எத்துணை நல்லெண்ணம் உடையதாயினும், போதிய பயன் தாராது என்பது என் துணிபு. உறைந்த நிலத்தில் உரமிடுவதை 2015இல் ஒஹாயோ சட்டமே தடுத்தது. சட்டம் புகலாகாத இடமன்று வயல் என்பதற்கு அதுவே பிரமாணம். மண் பரிசோதனையின்றி மணிச்சத்து இடாமையும், இடுவதை விதைச்சாலுக்குள் புதைத்தே இடுதலும் மாமீ வடிநிலத்தில் இனி விருப்பமாக இராது விதியாக வேண்டும். அதற்கான கருவிச் செலவில் பெரும்பங்கை ஏரிநீர் குடிக்கும் நகரங்களே ஏற்க வேண்டும்.