சோழவரத்து ஓடுதளமும் சென்னைப் பட்டறைகளும்

ஆலையிலிருந்து வெளிவரும் மோட்டார் சைக்கிள் எதுவும் தன் எஞ்சினுக்கு இயலும் வலு முழுவதையும் காட்டுவதில்லை. கலப்படப் பெட்ரோல், கோடை வெயில், இருவர் மூவராக ஏறிச் செல்லும் வழக்கம், வாங்குபவர் முதலில் கேட்கும் மைலேஜ் கணக்கு ஆகிய அனைத்துக்கும் ஈடுகொடுக்கும்படி அது வடிவமைக்கப்படுவதால், வேகம் ஒன்றையே நாடுபவருக்கு அதில் எப்போதும் ஏதோ மிச்சம் இருப்பதாகவே தோன்றும். அந்த மிச்சத்தைத் தோண்டி எடுக்கும் கைத்தொழிலே பந்தய வழக்கில் ட்யூனிங் எனப்படுகிறது. சென்னையில் அது வேரூன்றியதற்குச் சோழவரத்து விமான ஓடுதளமே முதற்காரணம்.

நகருக்கு வடக்கே, கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தின் எச்சமாக நின்ற ஓடுதளம், 1953ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் முயற்சியால் பந்தயக் களமாக மாறி, 1980களின் இறுதிவரை நாடெங்கிலுமிருந்து ஓட்டுநர்களை ஈர்த்தது. விமானங்களுக்காகப் போடப்பட்ட தளம் என்பதால் அதில் நீண்ட நேர்ப்பாதைகளும், அவற்றின் முனைகளில் திடீரென வளையும் திருப்பங்களுமே இருந்தன. மேடுபள்ளமோ வளைவுக்குள் வளைவோ கிடையாது. இத்தகைய களத்தில் வெற்றி உச்ச வேகத்தைப் பொறுத்தே அமைந்ததால், எஞ்சினின் கீழ்ச்சுழற்சி இழுவையைப் பறிகொடுத்தாவது மேல்சுழற்சியில் வலுவைக் கூட்டுவது என்ற நோக்கு சென்னை மெக்கானிக்குகளிடம் ஏறத்தாழ ஒரு மரபாகவே நிலைபெற்றது.

அந்த மரபை வடிவமைத்த மற்றொன்று பற்றாக்குறை. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த காலத்தில் திருவொற்றியூரில் தயாரான என்ஃபீல்டு புல்லட், மைசூரில் தயாரான ஜாவா, அதன் வழிவந்த யெஸ்டி ஆகியவற்றை விட்டால் வேறு தேர்வு மிகக் குறைவு. பந்தயத்துக்கென்றே செய்யப்பட்ட பிஸ்டனோ கார்புரேட்டரோ கடையில் கேட்டால் கிடைக்காது. ஆகவே ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் உதிரிபாகக் கடைகளிலும் புதுப்பேட்டையின் பழைய இரும்புக் குவியல்களிலும் ஒத்துவரக்கூடிய பாகத்தைத் தேடிப்பிடித்து, லேத் பட்டறையில் கடைந்து, அரத்தால் தேய்த்துப் பொருத்துவதே வழியாயிற்று. இன்று உயர்வாகப் பேசப்படும் அந்தக் கைத்திறன் வேறு வழியில்லாமல் பிறந்ததே.

ஆனால் பட்டறைகளில் நடைமுறையான அறிவின் மூலம் வேறோர் இடத்தைச் சேர்ந்தது. பிஸ்டனின் ஒரே ஏற்ற இறக்கத்தில் உறிஞ்சல், அழுத்தல், எரிதல், வெளியேற்றல் என்ற நான்கு வேலைகளையும் முடிக்கும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வுகளுக்குப் பதிலாகச் சிலிண்டர் சுவரில் வெட்டப்பட்ட போர்ட் எனும் துளைகளே இருப்பதால், எரிந்த புகையோடு எரியாத கலவையும் ஓரளவு வெளியே ஓடிவிடும். கிழக்கு ஜெர்மனியின் ட்ஷோப்பாவ் நகரில் எம்.இசட். நிறுவனத்தின் பந்தயப் பிரிவை நடத்திய வால்ட்டர் காடன், 1950களில் இந்த இழப்பைச் சைலன்சரின் வடிவத்தாலேயே தடுக்கும் வழியைச் செம்மைப்படுத்தினார். விரிந்து பின் குறுகும் கூம்புக் குழாயினுள் புகையின் அழுத்த அலை ஓடும்போது, விரியும் பகுதி ஓர் உறிஞ்சலைத் திருப்பியனுப்பிச் சிலிண்டரைக் காலிசெய்கிறது. குறுகும் பகுதியில் மோதித் திரும்பும் அலையோ, தப்பியோடிய கலவையைத் துளை மூடும் தறுவாயில் மீண்டும் உள்ளே தள்ளுகிறது. நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுழற்சியில் ஒரு முழுச் சுற்றுக்கே ஆயிரத்தில் ஆறு வினாடிதான் ஆகும் என்பதால், குழாயின் நீளம் சற்றே பிசகினாலும் அலை காலம் தப்பி வந்துசேரும். 1961இல் காடனின் 125 சிசி எஞ்சின் 25 குதிரைத்திறன், அதாவது லிட்டருக்கு 200 குதிரைத்திறன் என்ற அளவை எட்டியது. அதே ஆண்டு அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் பந்தயத்தின்போது மேற்குலகுக்குத் தப்பிச் சுசுகி நிறுவனத்தில் சேர்ந்து, அடுத்த ஆண்டே 50 சிசி உலகப் பட்டத்தை வென்றார். அந்த அறிவு ஜப்பானிய ஆலைகள் வழியாகவே உலகத் தெருக்களுக்கு வந்தது.

சென்னைக்கு அது வந்துசேர்ந்தது 1980களில். எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983இல் வெளியிட்ட ராஜ்தூத் 350, ஜப்பானில் 39 குதிரைத்திறன் கொண்டிருந்த யமஹா ஆர்டி 350 வண்டியின் இந்திய வடிவம். எரிபொருள் சிக்கனத்துக்காக அதன் வலு முதலில் 30.5 ஆகவும், பிந்தைய வடிவத்தில் 27 ஆகவும் குறைக்கப்பட்டது. குறைத்ததை மீட்டெடுப்பதே அந்த வண்டியில் ட்யூனரின் முதல் வேலையானது. எனினும் பட்டறைகளின் உண்மையான செல்லப்பிள்ளை, 1985இன் இறுதியில் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100தான். குறுக்களவும் ஓட்டநீளமும் தலா 50 மில்லிமீட்டர், கொள்ளளவு 98 சிசி, வலு 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோவைச் சற்றே தாண்டியது என்ற கணக்கில், அக்காலத்து எந்த நூறு சிசி வண்டிக்கும் அது எளிதில் பிடிகொடுக்கவில்லை. பாகங்களாக ஜப்பானிலிருந்து வந்து இங்கே பூட்டப்பட்ட தொடக்ககால வண்டிகளின் எஞ்சினுக்கு மெக்கானிக்குகளிடையே இன்றும் தனி மதிப்பு உண்டு.

அதன் மீது நடந்த வேலையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன்தரும். புகை வெளியேறும் துளையின் மேல்விளிம்பை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால், அது திறந்திருக்கும் காலம் சுழற்சிக் கணக்கில் ஏறத்தாழ ஐந்து பாகை கூடும். எஞ்சின் மேல்சுழற்சியில் நன்றாக மூச்சுவிடும், ஆனால் போக்குவரத்து நெரிசலில் இரண்டாம் கியரில் திணறும். ஹெட்டின் அடிப்பரப்பை லேத்தில் சீவினால் அழுத்த விகிதம் ஏறும். அளவு மீறினாலோ கலவை தானாக வெடித்துப் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். கார்புரேட்டரின் மெயின் ஜெட், அதாவது முழு முறுக்கில் பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளைத்திருகு, சரியான அளவுதானா என்பதை ப்ளக்கே சொல்லும். முழு வேகத்தில் ஓட்டி, கிளட்ச்சைப் பிடித்து, அந்த நொடியே எஞ்சினை அணைத்துக் கழற்றிப் பார்க்கையில் அதன் பீங்கான் காபி நிறத்தில் இருந்தால் சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கறுத்து ஈரமாயிருந்தால் மிகுதி. டைனமோமீட்டர் எனும் வலு அளக்கும் கருவி எட்டாத தொலைவில் இருந்த காலத்தில், அந்த மூன்று நிறங்களே பட்டறையின் ஆய்வுக்கூடம். சைலன்சரின் உட்பகுதியை வெட்டியெறிந்து தெருவை அலறவைத்தவர்களும் ஏராளம். திரும்பி வரவேண்டிய அலையையே இழந்த அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் சத்தம் மட்டுமே.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் புதிய பந்தயத்தடம் திறக்கப்பட்டதும் இந்தக் கைத்தொழிலின் போக்கு மாறத் தொடங்கியது. 3.7 கிலோமீட்டர் சுற்றில் பன்னிரண்டு திருப்பங்கள் கொண்ட அத்தடத்தில், வளைவிலிருந்து வெளியேறும்போது கிடைக்கும் நடுச்சுழற்சி இழுவையும் சஸ்பென்ஷன், டயர், பிரேக் ஆகியவற்றின் ஒழுங்கும் உச்ச வேகத்துக்கு இணையான மதிப்பைப் பெற்றன. 1982இலேயே பந்தயப் பிரிவைத் தொடங்கியிருந்த டிவிஎஸ் போன்ற நிறுவனங்களின் ஆலை அணிகள் ஓசூரின் பொறியாளர்களையும் அளவைக் கருவிகளையும் களத்துக்குக் கொண்டுவர, தனிப்பட்ட மெக்கானிக்கின் அரத்துக்கு இருந்த இடம் சுருங்கியது.

அடுத்த அடி புகைக் கட்டுப்பாட்டு விதிகளிலிருந்து வந்தது. எரியாத கலவையை வெளியே விடும் டூ-ஸ்ட்ரோக்கின் இயல்பே அதற்குப் பகையானது. 1996இல் ஆர்எக்ஸ் 100 நிறுத்தப்பட்டது. 132 சிசி கொண்ட அதன் தம்பி ஆர்எக்ஸ் 135இன் ஓட்டநீளமும் அதே 50 மில்லிமீட்டர் என்பதால், அதன் சிலிண்டரைப் பழைய ஆர்எக்ஸ் 100இல் ஏற்றும் வேலை மட்டும் பட்டறைகளுக்குச் சில காலம் சோறு போட்டது. ஃபோர்-ஸ்ட்ரோக் காலத்தில் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டின் வடிவம் முக்கியமானது. 2008இல் வந்த யமஹா ஆர்15, திரவக் குளிர்விப்பும் மின்னணு எரிபொருள் செலுத்தமும் கொண்ட 149 சிசி எஞ்சினோடு வந்தபோது, ஜெட்டுக்குப் பதிலாக ஈசியு எனும் கட்டுப்பாட்டுக் கணினியின் எண் அட்டவணையைத் திருத்தத் தெரிந்தவரே ட்யூனர் ஆனார். பாரத் ஸ்டேஜ் 6 விதி 2020 ஏப்ரலில் அமலுக்கு வந்தபின், சைலன்சரில் உள்ள வினையூக்கியையும் ஆக்சிஜன் உணரியையும் கணக்கில் கொள்ளாமல் அந்த அட்டவணையில் கைவைப்பது அரிது.

சட்டமும் இறுகியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து விலகும் மாற்றம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதிசெய்தது. அதே ஆண்டின் சட்டத்திருத்தம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை எனத் தண்டனை வகுத்தது. இதன்பின் போர்ட்டை உயர்த்திய எஞ்சினையும் திருத்திய ஈசியுவையும் கொண்ட வண்டி, நெடுஞ்சாலையில் ஓடாமல் லாரியின் முதுகிலேறித்தான் இருங்காட்டுக்கோட்டைக்குப் போகவேண்டியிருக்கிறது.